வெள்ளத்தை வரைந்த அல்பிரட் சிஸ்லியும் அவருக்குக் கிடைக்காத பிரஜாவுரிமையும்

1876 மார்ச் மாதம் பாரிஸுக்கு மேற்கே சீன் ஆறு பெருக்கெடுத்து, போர்-மார்லி என்ற கரையோர ஊருக்குள் புகுந்தது. ஆற்றங்கரை வைன் கடையைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. தெரு இருந்த இடத்தில் படகுகள் போய்வந்தன. அதற்கு மேலே மேட்டில் உள்ள மார்லி-லெ-ருவாவில் குடியிருந்த 36 வயது ஓவியர் ஒருவர் வர்ணப்பெட்டியையும் கன்வஸையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து அதை வரைந்தார். ஒன்றோடு நிறுத்தவில்லை. வெள்ளம் ஏறியபோதும் நின்றபோதும் வடிந்தபோதும் வெவ்வேறு பக்கங்களிலிருந்து வரைந்துகொண்டே இருந்தார். அந்த வரிசையில் இரண்டு ஓவியங்கள் இன்று பாரிஸ் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்தவர் பெயர் அல்பிரட் சிஸ்லி.

அவற்றில் சிறியது வெள்ளத்தில் படகு என்று அழைக்கப்படுகிறது. 50 சென்ரிமீற்றர் உயரம், 61 சென்ரிமீற்றர் அகலம், அவ்வளவுதான். மாடிக் கட்டடத்தில் அந்த வைன் கடை. அதன் நிழல் தண்ணீரில் உடைந்து உடைந்து கிடக்கிறது. மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோல நிற்கின்றன. படகில் ஆட்கள் ஏதோ வேலையாக இருக்கிறார்கள். மேலே முகில் கலைந்துகொண்டிருக்கும் பெரிய வானம். கூக்குரல் இல்லை, கைநீட்டிக் கதறும் முகம் இல்லை. வெள்ளம் வந்துவிட்டது, மனிதர்கள் அதற்குள் தங்கள் காரியத்தைப் பார்க்கிறார்கள்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் விரிவுரை மண்டபத்துத் திரையில்தான் இதை முதலில் பார்த்தேன். அப்போது அது எனக்கு வெறும் பரீட்சைக் குறிப்பு. நான் இருப்பது எஹலியகொடயில். களு கங்கையும் அதன் கிளை ஆறுகளும் பெருகுவது இரத்தினபுரி மாவட்டத்தில் எங்களுக்குப் புதினமில்லை. 2003 மே, 2017 மே என்று வருடத்தைச் சொன்னாலே இங்கே யாரும் தன் கதையைத் தொடங்கிவிடுவார்கள். பள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர், மேட்டில் லயத்துக்குப் பின்னால் மண்சரிவு. சுயாதீனமாகச் செய்தி எழுதத் தொடங்கிய பிறகு நானும் அந்தத் தண்ணீருக்குள் கமராவோடு இறங்கியிருக்கிறேன். செய்தி மேசையில் கேட்பது எப்போதும் ஒரே படத்தைத்தான்: அழுகிற ஒரு தாய், முடிந்தால் கையில் குழந்தையோடு. வன்னியில் முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்தக் கமராக்களைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படியொரு படத்தை அனுப்பிவிட்டு வந்த ஓர் இரவில் சிஸ்லியின் படகு நினைவுக்கு வந்தது. யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன். தேடிப் பார்த்தால் போர், இடப்பெயர்வு, வாடகை வீடு, விண்ணப்பப் படிவம் எல்லாம் அந்தச் சீவியத்தில் இருக்கின்றன.

சிஸ்லி 1839 ஒக்டோபர் 30ஆம் திகதி பாரிஸில் பிறந்தார். அப்பா வில்லியம் சிஸ்லி பட்டு வியாபாரி. அம்மா பெலீசியா. இருவரும் பிரித்தானியர். பிள்ளை பாரிஸில் பிறந்தாலும் பெற்றோரின் நாடுதான் பிள்ளையின் நாடு என்பது அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தின் பொது விதி. அந்நியப் பெற்றோருக்குப் பிரான்ஸ் மண்ணில் பிறந்த பிள்ளை, சட்டப்படி வயது வந்து ஒரு வருடத்துக்குள் தானே கேட்டுப் பெறலாம் என்று ஒரு வாசல் மட்டும் திறந்திருந்தது. சிஸ்லிக்கு 21 வயதானபோது அவர் பாரிஸில் இல்லை. 1857இல் அப்பா அவரை வியாபாரம் படிக்க லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அங்கே கணக்குப் புத்தகத்தைவிட ரேர்னர், கொன்ஸ்டபிள் என்ற ஓவியர்களின் வானமும் தண்ணீரும்தான் அவரைப் பிடித்துக்கொண்டன. வசதியான வீட்டுப் பிள்ளை. கடவுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த வயதில் அவருக்கு ஒரு விடயமாகவே இருந்திருக்காது.

தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு இதை வாசிக்கும்போது ஒரு பழைய சட்டம் ஞாபகம் வரும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நீ எங்கே பிறந்தாய் என்று கேட்டதோடு நிற்கவில்லை. உன் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, அத்தாட்சி எங்கே என்று கேட்டது. லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்தவர்களிடம் என்ன பத்திரம் இருக்கும்? எங்கள் அப்பாயி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் துண்டு, செக்ரோல் சீட்டு, மங்கிப்போன ஒரு படம் எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தார். எது எப்போது தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது.

1862 அளவில் சிஸ்லி பாரிஸுக்குத் திரும்பி, சார்ள்ஸ் க்ளெய்ர் என்ற ஆசிரியரின் ஓவியக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே கூடவே படித்த மூவரின் பெயரைப் பாருங்கள்: க்ளோட் மோனே, ஒகுஸ்ட் ரெனுவார், பிரெடெரிக் பசீல். நால்வருக்கும் கூடத்துக்குள் இருந்து கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வரைவதில் சலிப்பு. ரியூபில் அடைத்த எண்ணெய் வர்ணம் கடைக்கு வந்துவிட்டிருந்த காலம் அது. மடித்துத் தூக்கிச் செல்லும் பலகையும் இருந்தது. ஆகவே காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் போய், வெளிச்சம் மாறுவதற்குள் அங்கேயே வரைந்து முடிக்கலாம். பொந்தன்புளோ காட்டில் தொடங்கிய அந்தப் பழக்கம்தான் பின்னர் இம்ப்ரெஷனிசம் என்ற பெரிய பெயரைப் பெற்றது.

1866இல் யூஜெனி என்ற பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். 1867இல் மகன் பியர், 1869இல் மகள் ஜான். செலவுக்கு அப்பாவின் பணம் வந்துகொண்டிருந்தது. நண்பர்களில் மோனேயும் ரெனுவாரும் பாணுக்கே கஷ்டப்பட்ட நாட்களில் சிஸ்லிக்கு ஓவியம் விற்கவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

1870 ஜூலை 19ஆம் திகதி பிரான்ஸ் பிரஷ்யாமீது போர் பிரகடனம் செய்தது. ஆறு வாரங்களில் செடானில் பிரெஞ்சுப் பேரரசர் சிறைபிடிக்கப்பட்டார். செப்டெம்பர் 19இலிருந்து பாரிஸ் முற்றுகைக்குள். நகரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் எதிரிப் படை வந்து தங்கியது. ஓவியர்கள் வரைந்துகொண்டிருந்த அதே சீன் ஆற்றோரக் கிராமங்கள்தான் அவை.

நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். மோனேயும் கமீல் பிசாரோவும் குடும்பத்தோடு லண்டனுக்குத் தப்பினார்கள். ரெனுவார் குதிரைப்படைக்கு எடுக்கப்பட்டார். பசீல் தானாகவே போய்ப் படையில் சேர்ந்தார். 1870 நவம்பர் 28ஆம் திகதி போன்-லா-ரொலாந் என்ற இடத்தில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். 29ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருந்தன. தெற்கே மொன்பெலியேயிலிருந்து அவருடைய தகப்பனார் அந்தப் போர்க்களத்துக்கு வந்து, மகனின் உடலைத் தேடி எடுத்து, ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார். எடுத்துச் செல்ல ஓர் உடல் கிடைத்தது என்பதை ஆறுதலாகச் சொல்லலாமா கூடாதா என்று இதை வாசிக்கும் சில வீடுகளுக்குத்தான் தெரியும்.

பிசாரோவின் லூவ்சியேன் வீட்டில் பிரஷ்யச் சிப்பாய்கள் தங்கினார்கள். 20 வருட உழைப்பு, ஏறத்தாழ 1,500 ஓவியங்கள் அங்கே இருந்தன. சேற்றில் கால் படாமல் நடக்கக் கன்வஸ்களைத் தோட்டத்தில் விரித்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது மிஞ்சியது சுமார் 40.

பக்கத்துக் கிராமமான பூஜிவாலில் இருந்த சிஸ்லியின் வீடும் தப்பவில்லை. வீட்டிலிருந்த சாமான்களும் அதுவரை வரைந்தவையும் போய்விட்டன. அதனால்தான் 1870க்கு முந்தைய சிஸ்லி ஓவியங்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய அடி, அப்பாவின் வியாபாரம் போரோடு சரிந்தது. 30 வயதைக் கடந்த ஒருவர், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு சதம் வருமானம் இல்லை. அன்றிலிருந்து சாகும்வரை ஓவியத்தை விற்றுத்தான் அடுப்பெரிக்கவேண்டியிருந்தது.

போருக்குப் பிந்தைய ஓவியங்களில் போர் எங்கே என்று நான் தேடினேன். பொதுவாக இம்ப்ரெஷனிஸ்டுகளைப் பற்றி ஒரு குறை சொல்லப்படுவதுண்டு: இவ்வளவு இரத்தம் ஓடிய நாட்டில் இவர்கள் பூவையும் ஆற்றையும் வரைந்தார்கள் என்று. 1872இல் சிஸ்லி வரைந்த வில்நவ்-லா-கரேன் பாலத்தைப் பாருங்கள், நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல வெயில், நீலத் தண்ணீர், கரையில் வெள்ளை வீடுகள், படகு. குறை நியாயம்தான் என்று முதலில் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீள்குடியேறிய ஒருவர் முதல் வேலையாகக் கிணற்றை இறைப்பதும் வேலியை அடைப்பதும் போரை மறந்ததால் அல்ல. பாலம் இருக்கிறதா, ஆறு பழைய இடத்தில் ஓடுகிறதா, மரங்களில் எவை நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிவைத்தது போலத்தான் சிஸ்லி அந்த வருடங்களில் வரைந்தார். லூவ்சியேன், அர்ஜந்தேய், பூஜிவால், போர்-மார்லி என்று படை தங்கிப்போன கிராமங்களுக்கே போய்ப் போய் வரைந்தார்.

வரையும் முறையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முதலில் வானம். எந்த ஓவியமானாலும் வானத்தில்தான் தொடங்குவார். வானத்தின் வெளிச்சம் சரியாக விழுந்தால்தான் கீழே தண்ணீரும் சுவரும் உயிர்பெறும் என்பது அவர் எண்ணம். தண்ணீரை வழவழப்பாகத் தேய்ப்பதில்லை. பக்கம் பக்கமாகச் சிறு தீற்றல்கள். அருகில் போனால் வெறும் வர்ணக் கோடுகள், நாலடி தள்ளி நின்றால் ஓடுகிற ஆறு.

1874 ஏப்ரல் 15இல், அரச ஓவியக் கண்காட்சியை நம்பாத இந்த நண்பர்கள் பாரிஸில் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மோனேயின் சூரியோதய ஓவியத்தின் தலைப்பை வைத்துக் கேலியாக ஒரு விமர்சகர் எழுதியதில்தான் இம்ப்ரெஷனிஸ்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் மார்ச் 24இல் சிஸ்லி, மோனே, ரெனுவார், பெர்த் மொரிசோ நால்வரும் ஏலம் வைத்தபோது கூட்டம் கூச்சலிட்டு, பொலிஸை அழைக்கவேண்டி வந்தது. விலைகள் படுமோசம். வெள்ளம் வந்தது அதற்கு அடுத்த வருடம்.

இப்போது அந்தப் படகைத் திரும்பப் பாருங்கள். வரைந்தவர் தண்ணீரில் வீடிழந்தவர் அல்ல, போரில் வீடிழந்தவர். கையில் காசில்லாதவர். மற்றவர்களின் வாசலில் வெள்ளம் நிற்கும்போது தன் துக்கத்தை அதன்மேல் பூச அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் பூசவில்லை. கடைச் சுவரின் நிறம் தண்ணீரில் எப்படி விழுகிறது, படகுக்காரர் எப்படி நிற்கிறார் என்று மட்டும் பார்த்தார். எங்கள் தொழிலில் இதைக் கண்ணியம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல் இருக்கும், செய்தி மேசையில் இருக்காது.

அதன் பிறகான கதை ஒரு வாடகை வீட்டிலிருந்து மற்றொன்றுக்கு. மார்லியிலிருந்து செவ்ர், 1880இல் அங்கிருந்து தென்கிழக்கே லுவாங் ஆறு சீனோடு சேரும் பகுதி. விலை குறைவாக வாழலாம் என்பதும் ஒரு காரணம். அந்தப் பகுதிக்குள்ளேயே வீடு மாறி மாறி, 1889இல் மொரே-சுர்-லுவாங் என்ற பழைய மதில் ஊரில் நிலைத்தார். மோனே, ரெனுவார் இருவருக்கும் மெல்ல மெல்லப் பணம் வந்தது. மனித உருவங்கள், பூந்தோட்டங்கள், நகரத்து நடனங்கள் விற்றன. சிஸ்லி ஆற்றை விடவில்லை. மொரே பாலம், ஆலைகள், கரையோரப் பொப்லர் மரங்கள், ஊர்த் தேவாலயம். தேவாலயத்தை மட்டும் 1893, 1894 இரண்டு வருடங்களில் காலை, மாலை, மழை என்று திரும்பத் திரும்ப வரைந்தார். மொத்த வாழ்நாளில் ஏறத்தாழ 900 எண்ணெய் வர்ண ஓவியங்கள், பெரும்பாலும் எல்லாமே நிலக்காட்சிகள். வறுமை அவரைச் சந்தேகப் பிராணியாகவும் ஆக்கியது. நெடுங்காலம் தாங்கிய ஓவிய வணிகர் துராந்-ருவேலோடு விலகினார், நண்பர்களைச் சந்திப்பதையும் குறைத்தார்.

1897இல் பாரிஸில் ஜோர்ஜ் பெற்றி என்ற வணிகர் அவருடைய ஏறத்தாழ 150 ஓவியங்களை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார். வாங்குவதற்கு ஆள் இல்லை. அதே வருடம் ரூவான் நகரத் தொழிலதிபர் பிரான்சுவா தெப்போ பணம் கொடுக்க, குடும்பத்தோடு பிரித்தானியாவின் வேல்ஸ் கடற்கரைக்குப் போனார். அங்கேதான் முதன்முதலாகக் கடலைக் கணக்கெடுத்து வரைந்தார். ஓகஸ்ட் 5ஆம் திகதி கார்டிஃப் பதிவாளர் அலுவலகத்தில் அவருக்கும் யூஜெனிக்கும் பதிவுத் திருமணம். 31 வருடம் சேர்ந்து வாழ்ந்து, இரண்டு பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு. இந்த வயதில் ஏன் இந்தப் பதிவு என்று கேட்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றாது. முத்திரை குத்திய ஒரு தாள் இல்லாமல் எத்தனை உறவுகள் அலுவலகக் கௌண்டரில் உறவில்லை என்று ஆகியிருக்கின்றன.

பிரான்ஸுக்குத் திரும்பிய பின், 1898இல் பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். பாரிஸில் பிறந்தவர், நாலைந்து வருடங்கள் தவிர முழுச் சீவியத்தையும் பிரான்ஸில் கழித்தவர், அந்த நாட்டின் ஆறுகளை முப்பது வருடத்துக்கும் மேலாக வரைந்தவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுபடியும் விண்ணப்பித்தார். இந்த முறை பொலிஸ் அறிக்கை அவருக்குச் சாதகமாகவே இருந்தது. ஆனால் காலம் இல்லை. தொண்டையில் புற்றுநோய். ஒக்டோபர் 8இல் யூஜெனி இறந்தார். 1899 ஜனவரியில் தன் முடிவு தெரிந்தவராக மோனேயை அழைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஜனவரி 29இல், 59 வயதில், பிரித்தானியப் பிரஜையாகவே மொரேயில் இறந்தார்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. சிஸ்லிக்கு ஒரு நாடாவது காகிதத்தில் இருந்தது. 1948க்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு அதுவும் இல்லை. 1964இல் கொழும்பும் புதுடில்லியும் உட்கார்ந்து 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பயந்து சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களில் எங்கள் உறவுகளும் உண்டு. அங்கே காடு வெட்டிக் குடியிருந்து, போர் வந்தபோது ஏனைய வன்னி மக்களோடு சேர்ந்து எல்லாவற்றையும் இழந்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருடம்.

சிஸ்லி இறந்து சில மாதங்களில் மோனே வாக்குத் தவறாமல் பிள்ளைகளுக்காக ஓர் ஏலத்தை ஒழுங்குசெய்தார். இறந்தவுடனே விலை ஏறத் தொடங்கியது. சிஸ்லி 180 பிராங்குக்கு விற்றதாகச் சொல்லப்படும் போர்-மார்லி வெள்ளத்தின் பெரிய ஓவியம், 1900 மார்ச்சில் நடந்த ஏலத்தில் 43,000 பிராங்குக்குப் போனது. அவர் மறைந்து 14 மாதங்கள்கூட நிறையவில்லை.

அதை வாங்கியவர் ஐசாக் து கமொண்டோ, இஸ்தான்புல்லில் பிறந்து பாரிஸில் குடியேறிய யூத வங்கியாளர். 1911இல் இறந்தபோது தன் சேகரிப்பு முழுவதையும் பிரெஞ்சு அரசுக்கே எழுதிவைத்தார். இரண்டு வெள்ள ஓவியங்களும் அப்படித்தான் அரசின் சொத்தாகின. கமொண்டோ குடும்பத்தின் மற்றக் கிளையில், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரின் மகன் முதலாம் உலகப்போரில் பிரான்ஸுக்காக விமானத்தில் பறந்து 1917இல் இறந்தான். அந்தச் சகோதரரின் மகள் பெயாத்ரிஸ், இரண்டு பிள்ளைகளோடு, ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்ஸிலிருந்து ஒளஷ்விட்ஸ் முகாமுக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள்.

பாரிஸில் இருக்கும் எங்கள் ஆட்களில் பலர் லா ஷப்பலுக்கும் வேலைத்தலத்துக்கும் நடுவே வருடங்களைக் கழிப்பவர்கள். விசாவுக்காகக் காத்திருப்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஒர்சே அருங்காட்சியகத்துக்கு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டணம் இல்லை. ஓவியங்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், ஆகவே அன்று காட்சியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். மொரேக்கு லியோன் ரயில் நிலையத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம். சிஸ்லியும் யூஜெனியும் அங்கே ஊர்ச் சவக்காலையில் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர் வரைந்த தேவாலயமும் பாலமும் பக்கத்தில்தான். ஆற்றுக்கு அக்கரையில் நின்று பார்த்தால் ஓவியத்தில் இருக்கும் அதே பக்கம் தெரியும்.